கணிப்பொறிகளுக்குள் சமரசம் செய்து வைத்த கிரேஸ் ஹாப்பர் அம்மையார்



ஆண்டு மலருக்கு ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மாணவர் சங்கத்தில் கேட்டபோது, எல்லோருக்கும் வருகிற பெயர்கள்தான் எனக்கும் முதலில் ஞாபகத்துக்கு வந்தன. இராமானுஜன், மேரி கியூரி, அப்துல் கலாம். ஆனால் இந்த வருஷம் எங்க லேப்பில் நான் செய்த ஒரு தப்பு, என்னை வேறொரு பெயரிடம் கொண்டுபோய் விட்டது. அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை.

நான் செய்த தப்பு

நான் கொல்லிமலை எடப்புளி நாட்டைச் சேர்ந்தவள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. மிளகும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் நான் டிப்ளமோ படிக்க வந்தேன். சொந்தமாகக் கணிப்பொறி கிடையாது. லேப்பில் உட்கார்ந்தால்தான் உண்டு.

மூன்றாமாண்டு புராஜெக்டுக்கு எங்கள் ஊர் மகளிர் குழுவின் மிளகுக் கணக்கை எடுத்துக்கொண்டோம். யார் எத்தனை கிலோ கொடுத்தார்கள், விற்ற பணத்தில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று கணக்குப் போடும் புரோகிராம். பல வருஷத்துக்கு முந்தைய சீனியர்கள் இதே மாதிரி ஒன்றை எழுதி வைத்திருந்தார்கள். அது பைத்தான் 2.7-ல் எழுதியது. லேப் மெஷினோ லினக்ஸ். அதில் ஏற்கெனவே ஒரு பைத்தான் 3 இருந்தது. எங்களுக்கு வேண்டிய ஒரு லைப்ரரி அதைவிடப் புதிய பைத்தான் 3 கேட்டது. ஆக ஒரே மெஷினில் மூன்று பைத்தான். ஒன்றை ஓட்டினால் இன்னொன்று வந்து நிற்கும். நேற்று ஓடினது இன்று ஓடாது.

மூன்று இருப்பதுதான் தொல்லை என்று நானாக முடிவு செய்தேன். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்து, நடுவில் இருந்த பழைய பைத்தான் 3-ஐ நீக்கும்படி கட்டளை கொடுத்தேன். இதோடு சேர்ந்து இதெல்லாம் போய்விடும் என்று மெஷின் ஒரு பக்கம் நிறையப் பட்டியல் காட்டியது. படிக்காமலே சரி என்று அழுத்தினேன். மறுநாள் காலையில் அந்த மெஷினில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான் இருந்தது. டெஸ்க்டாப்பே காணோம். அந்த லினக்ஸ் தன்னுடைய சொந்த வேலைகளுக்கே அந்தப் பழைய பைத்தானைத்தான் நம்பி இருந்தது என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

ரிஜிஸ்டரில் கடைசியாக இருந்தது ஒரு முதலாமாண்டுத் தம்பியின் கையெழுத்து. அவனைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் அழுதுகொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மெஷின் விலையைக் கட்டச் சொல்லிவிட்டால் அப்பா எதை விற்பார் என்ற பயத்தில் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சோறு இறங்கவில்லை. போய்ச் சொல்லிவிட்டேன்.

லேப் சார் திட்டினார். திட்டி முடித்ததும் அந்தத் தம்பியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். பிறகு, என்ன கட்டளை கொடுத்தேன், எந்த வெர்ஷனை எடுத்தேன், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதச் சொன்னார். அமெரிக்காவில் இப்படி ஒரு லேப் ரிஜிஸ்டரில் செத்த பூச்சியையே ஒட்டி வைத்திருக்கிறார்கள், போய்ப் படித்துப் பார் என்றார். அந்தப் பூச்சியைத் தேடிப் போய்த்தான் கிரேஸ் ஹாப்பர் அம்மையாரைக் கண்டேன்.

கடிகாரத்தைப் பிரித்த சிறுமி

கிரேஸ் 1906-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் அலாரம் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒன்றைப் பிரித்தார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. பிரித்ததைப் பார்த்துப் பூட்டலாமென்று அடுத்ததைப் பிரித்தார். இப்படி வீட்டில் இருந்த ஏழு கடிகாரங்களையும் பிரித்துப் போட்டுவிட்டார். அம்மா அவரை அடித்து விரட்டவில்லை. இனிமேல் ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று வரம்பு மட்டும் கட்டினார். இதைப் படித்தபோது எனக்கு அந்தக் கறுப்புத் திரை ஞாபகம் வந்தது. பிரிப்பது தப்பில்லை, பிரிக்க ஒரு தனி இடம் வேண்டும். இந்தச் செய்தி பின்னால் மறுபடியும் வரும்.

வாசர் கல்லூரியில் சேர முதலில் விண்ணப்பித்தபோது இலத்தீன் பாடத்தில் மதிப்பெண் போதாமல் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி முயன்று சேர்ந்தார். பின்னாளில் கணிப்பொறி மொழிகளுக்கே வழிகாட்டிய ஒருவர் மொழிப் பாடத்தில் தடுக்கப்பட்டவர் என்பதை, அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க வேண்டும்! 1928-ல் கணிதமும் இயற்பியலும் படித்துப் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930-ல் முதுகலையும் 1934-ல் கணிதத்தில் டாக்டர் பட்டமும் பெற்றார். அதே வாசர் கல்லூரியில் ஆசிரியராகவும் ஆனார்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943-ல் கடற்படையின் பெண்கள் ரிசர்வ் பிரிவில் சேர முன்வந்தார். வயது அதிகம் என்றார்கள். எடை, கடற்படை விதித்த 120 பவுண்டுக்கு 15 பவுண்டு குறைவு. விலக்கு வாங்கித்தான் உள்ளே போனார். போனவர் பயிற்சியில் முதல் ஆளாகத் தேறினார். 1944-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு அய்க்கன் நடத்திய கணக்கீட்டுத் திட்டத்துக்கு அனுப்பப்பட்டார்.

மார்க் 1 என்னும் ராட்சசன்

அங்கே இருந்த மெஷினின் பெயர் மார்க் 1. நீளம் 51 அடி, உயரம் 8 அடி, எடை ஏறக்குறைய ஐந்து டன். நம்ம லேப்பில் ஒரு சுவர் முழுக்க வைத்தாலும் இடம் பத்தாது. ஒரு விநாடிக்கு மூன்று கூட்டல் கணக்குத்தான் அதனால் முடியும். கட்டளைகளை காகிதப் பட்டையில் ஓட்டை ஓட்டையாகக் குத்தி உள்ளே விட வேண்டும். ஓர் ஓட்டை இடம் மாறினாலும் கணக்குப் போச்சு. அந்த மெஷினை எப்படி இயக்குவது என்று 500 பக்கத்துக்கும் மேற்பட்ட கையேடு ஒன்றை 1946-ல் வெளிவரச் செய்ததில் ஹாப்பரின் உழைப்பே பெரும்பங்கு.

அடுத்த மெஷினான மார்க் 2-ல்தான் அந்தப் பூச்சிக் கதை நடந்தது. 1947 செப்டம்பர் 9-ம் நாள் மெஷின் சரியாக ஓடவில்லை. உள்ளே பார்த்தால் ஒரு ரிலேயில் விட்டில் பூச்சி சிக்கிக்கிடந்தது. அதை எடுத்து லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் இன்றும் வாஷிங்டன் நகரின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. பூச்சியைக் கண்டுபிடித்தவர் ஹாப்பர்தான் என்றும், பக் என்ற வார்த்தையே அப்போதுதான் பிறந்தது என்றும் பலர் எழுதுகிறார்கள். இரண்டும் சரியல்ல. அந்த வார்த்தை எடிசன் காலத்திலேயே புழக்கத்தில் இருந்தது. பூச்சியைப் பிடித்தவர்கள் அவருடன் வேலை பார்த்தவர்கள். அந்தக் கதையை ஊர் ஊராகச் சொல்லிப் பரப்பியவர்தான் ஹாப்பர். ஆனால் கோளாறு வந்தால் அதை மறைக்காமல் தேதி போட்டு எழுதி வைக்கும் பழக்கம் அந்த லேப்பில் இருந்ததே, எனக்கு அதுதான் பெரிய பாடமாகத் தெரிந்தது.

எழுதித் தரும் புரோகிராம்

1949-ல் ஹாப்பர் பிலடெல்பியாவில் இருந்த எக்கர்ட்-மாக்லி நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் கணிப்பொறி அங்கேதான் உருவாகிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் புரோகிராம் எழுதுவோர், ஏற்கெனவே சரியாக ஓடின துண்டுகளை நோட்டில் எழுதி வைத்து, ஒருவரிடமிருந்து ஒருவர் காப்பி செய்வார்கள். நாம் ரெக்கார்டு நோட்டு காப்பி செய்வதைப் போலத்தான்! ஆனால் ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது நினைவக முகவரிகளை எல்லாம் கூட்டி மாற்ற வேண்டும். மனிதன் காப்பி செய்தாலும் தப்பு வரும், கூட்டினாலும் தப்பு வரும். இரண்டையும் தப்பில்லாமல் செய்யத்தானே மெஷின் இருக்கிறது, அதையே செய்ய வைத்தால் என்ன என்று ஹாப்பர் யோசித்தார்.

1951-52-ல் ஏ-0 என்ற பெயரில் அதைச் செய்தும் காட்டினார். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண். எண்களை வரிசையாகக் கொடுத்தால், நாடாவிலிருந்து அந்தத் துண்டுகளை மெஷினே எடுத்து, முகவரிகளைச் சரிசெய்து கோர்த்துத் தந்துவிடும். கம்பைலர் என்ற பெயர் அங்கிருந்து கிளம்பியதுதான். இன்றைய கம்பைலர் செய்கிற வேலைகளில் சிலவற்றைத்தான் அது செய்தது என்பது உண்மை. ஆனால் கணிப்பொறி கணக்குப் போடுமே தவிர புரோகிராம் எழுதாது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. கண்ணெதிரே ஓடியதைப் பார்த்தும் பலர் நம்பவில்லையாம்.

அடுத்து அவர் வேறொரு ஆசைப்பட்டார். கம்பெனிக் கணக்கு எழுதுகிறவர்களுக்குக் கணிதக் குறிகள் பயம். அவர்கள் பேசுகிற சொற்களிலேயே புரோகிராம் எழுதினால் என்ன? நிர்வாகத்துக்குக் காட்டுவதற்கு ஒரு சிறிய புரோகிராமை ஆங்கிலச் சொற்களில் எழுதினார். சொற்கள் என்பவை மெஷினுக்கு வெறும் அடையாளக் குறிகள்தாம் என்று புரியவைக்க, அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் எழுதி ஓட்டிக் காட்டினார். அதிகாரிகள் மிரண்டு போனார்கள். அமெரிக்காவில் செய்த மெஷினுக்கு எப்படி பிரெஞ்சும் ஜெர்மனும் புரியும் என்பது அவர்கள் கேள்வி. ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்கிறேன் என்று உறுதி சொன்ன பிறகுதான் வேலை நகர்ந்தது. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த நமக்கு இதைப் படித்தால் சிரிப்பும் வரும், கொஞ்சம் யோசனையும் வரும். அந்த முயற்சியில் பிறந்த மொழியின் பெயர் ஃப்ளோ-மேட்டிக்.

எங்க ஆயா வீட்டு இரண்டு வள்ளம்

இதுவரை எல்லாம் வெற்றிதான். ஆனால் வெற்றியிலிருந்தே ஒரு வம்பு முளைத்தது. அதைச் சொல்வதற்கு முன்னால் எங்க ஆயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆயா வீட்டில் தானியம் அளக்க இரண்டு வள்ளம் உண்டு. ஒன்று தாத்தா காலத்தது, ஒன்று சந்தையில் வாங்கியது. இரண்டுக்கும் பெயர் வள்ளம்தான், ஆனால் பழையது கொஞ்சம் பெரியது. ஒருத்தர் பெரிய வள்ளத்தில் சாமை கடன் வாங்கிக்கொண்டு போய்ச் சின்ன வள்ளத்தில் திருப்பிக் கொடுத்ததில் ஒரு தடவை பெரிய சண்டையே வந்துச்சு. பொய் சொன்னது யாரும் இல்லை. இரண்டு பேரும் ஒரு வள்ளம் என்றுதான் சொன்னார்கள். பெயர் ஒன்று, அளவு இரண்டு என்பதுதான் சண்டைக்கே காரணம்.

அமெரிக்காவிலும் 1950-களின் கடைசியில் இதே கதைதான். ஒவ்வொரு கம்பெனி மெஷினுக்கும் ஒரு தனி மொழி. மெஷினை மாற்றினால் எழுதின புரோகிராம் எல்லாம் குப்பை. இதற்கு ஒரு வழி காண வேண்டுமென்று 1959 மே மாதம் 28, 29 தேதிகளில் பென்டகனில் கூட்டம் போட்டார்கள். கணிப்பொறி செய்கிறவர்களும் வாங்குகிறவர்களும் சேர்ந்து எல்லா மெஷினுக்கும் பொதுவான வணிக மொழி ஒன்றை வகுக்கத் தீர்மானித்தார்கள். அதன் பெயர் கோபால். நம்ம ஊர் ஆள் பெயர் மாதிரி இருக்கிறதே என்று முதலாமாண்டில் நான்கூடச் சிரித்திருக்கிறேன்! கோபாலை ஹாப்பர் தனியாக எழுதவில்லை, அது ஒரு குழுவின் வேலை. ஜீன் சாமட் போன்றோர் அதில் முக்கியமானவர்கள். ஹாப்பர் ஆலோசகராக இருந்தார். அவருடைய ஃப்ளோ-மேட்டிக்தான் கோபாலுக்குப் பெரிய அளவில் அடித்தளம் ஆயிற்று.

1960 டிசம்பர் 6, 7 தேதிகளில் ஒரு பரீட்சை வைத்தார்கள். ஏறக்குறைய ஒரே கோபால் புரோகிராமை ஆர்.சி.ஏ. கம்பெனி மெஷினிலும் யூனிவாக் மெஷினிலும் ஓட்டினார்கள். இரண்டிலும் ஓடியது. ஒரே வள்ளம், இரண்டு வீடு!

மறுபடியும் வந்த சண்டை, மறுபடியும் வந்த ஹாப்பர்

சமாதானம் நீடிக்கவில்லை. கோபால் 60 வந்தது, கோபால் 61 வந்தது, கோபால் 65 வந்தது. அதோடு ஒவ்வொரு கம்பெனியும் தன் மெஷின் உசத்தி என்று காட்ட, தன் பங்குக்குச் சில சொற்களைச் சேர்த்தது. பெயரெல்லாம் கோபால், உள்ளே ஆளுக்கு ஒரு வழக்கு. ஒரு கடற்படை அலுவலகத்தில் ஓடின கோபால் இன்னொரு அலுவலகத்தில் ஓடவில்லை.

ஹாப்பர் 1966 கடைசியில் கடற்படை ரிசர்விலிருந்து ஓய்வு பெற்றார். வயது அறுபது. ஆனால் 1967 ஆகஸ்டில், இந்த மொழிக் குழப்பத்தைச் சரி செய்து தரும்படி அவரையே திரும்ப அழைத்தார்கள். ஆறு மாத வேலை என்றுதான் அழைத்தார்கள். அந்த ஆறு மாதம் பத்தொன்பது வருஷமாக நீண்டது!

அவர் செய்ததைக் கவனியுங்கள் நண்பர்களே. பழைய கோபாலை எல்லாம் அழித்துவிடுங்கள் என்று அவர் உத்தரவு போடவில்லை. போட்டிருந்தாலும் நடக்காது. சம்பளப் பட்டியலும் சரக்குக் கணக்கும் அவற்றை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தன. 1968-ல் கோபாலுக்கு அமெரிக்கத் தரநிலை ஒன்று வெளியானது. ஹாப்பரின் குழு அந்தத் தரநிலையைப் பிடித்துக்கொண்டு சோதனைப் புரோகிராம்களின் தொகுப்பு ஒன்றைத் தயாரித்தது. கம்பைலர் விற்க வருகிறவர் தன்னுடையதும் கோபால்தான் என்று சொன்னால் போதாது. இந்தச் சோதனைகளை ஓட்டு, சரியான விடை வருகிறதா பார்ப்போம் என்ற நிலையை உண்டாக்கினார்கள். வாயால் சொல்லும் பெயரை நம்பாமல், அளந்து பார்த்து நம்பும் வழி அது.

இதற்கிடையில் 1969-ல் கணிப்பொறித் துறையின் ஆண்டுச் சிறந்த மனிதர் என்ற விருதை அமெரிக்கச் சங்கம் ஒன்று முதன்முதலாக ஏற்படுத்தி ஹாப்பருக்குக் கொடுத்தது. விருதின் பெயரிலே ஆண் என்றுதான் இருந்தது, வாங்கியவரோ ஒரு பெண்! அவருடைய அறையில் முள் இடப்பக்கமாகச் சுற்றும் கடிகாரம் ஒன்று மாட்டியிருந்ததாம். இப்படித்தான் எப்போதும் செய்து வருகிறோம் என்று சொல்கிறவர்களுக்காக மாட்டியது. அதிலும் நேரம் சரியாகத்தான் காட்டியது. கூட்டங்களில் ஏறக்குறைய ஓரடி நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கொடுத்து, ஒரு நானோ விநாடியில் மின்சாரம் இவ்வளவு தூரம்தான் போக முடியும் என்று விளங்கவைப்பார்.

1973-ல் கேப்டன், 1983-ல் கமடோர், 1985-ல் அந்தப் பதவியின் பெயர் மாறியதால் ரியர் அட்மிரல் என்று உயர்ந்து, 1986 ஆகஸ்ட் 14-ம் நாள் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு பழம்பெரும் போர்க்கப்பலின் மேல்தளத்தில் நடந்த விழாவில் ஓய்வு பெற்றார். வயது 79. அதன் பிறகும் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராக வேலைக்குப் போனார். 1992 ஜனவரி 1-ம் நாள் மறைந்தார். 2016-ல் அமெரிக்காவின் உயர்ந்த குடிமக்கள் விருது, மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.

நம்ம ஊரிலும் நடந்த கதை

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 1990-களில் நம்ம தமிழே இப்படித்தான் கிடந்தது. ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் எழுத்துக்களுக்குத் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்திருந்தது. ஒரு மெஷினில் அழகாக இருந்த தமிழ்க் கடிதம் இன்னொரு மெஷினில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி, பொதுவான விசைப்பலகைக்கும் டாம், டாப் என்ற பொதுவான எழுத்துக் குறியீடுகளுக்கும் வழி செய்தார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடைத் தரநிலையாக ஏற்றது. அங்கேயும் பழைய கோப்புகளைத் தூக்கி எறியவில்லை. எந்தக் குறியீட்டில் எழுதியது என்று தெரிந்தால் இன்றைக்கும் மாற்றிப் படிக்கலாம். தெரியாவிட்டால்தான் அது வெறும் கிறுக்கல்.

எங்கள் பைத்தானும் அப்படித்தான். பைத்தான் 2.0 வந்தது 2000-ல், பைத்தான் 3.0 வந்தது 2008 டிசம்பரில். பழைய 2-க்கு ஆதரவு நிறுத்தப்பட்டது 2020 ஜனவரி 1-ம் தேதி. ஆதரவு நின்றாலும் அதில் எழுதிய புரோகிராம்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் சில, கண்ணுக்குத் தெரியும். பிரிண்ட் கட்டளைக்கு அடைப்புக்குறி போடாவிட்டால் புதியது சண்டைக்கு வரும். அது நல்ல சண்டை, உடனே தெரிந்துவிடும். பயப்பட வேண்டியது சத்தமில்லாத வித்தியாசத்துக்குத்தான். 7-ஐ 2-ஆல் வகுக்கச் சொன்னால் பைத்தான் 3 மூன்றரை என்று சொல்லும். பைத்தான் 2 வெறும் மூன்று என்று சொல்லிவிட்டுப் பேசாமல் போய்விடும். மிளகில் அரைக் கிலோ காணாமல் போகும், திரையில் ஒரு எச்சரிக்கைகூட வராது.

லேப்பில் நாம் செய்ய வேண்டியது

மெஷினில் மறுபடி லினக்ஸ் போட்டு எல்லாவற்றையும் சரி செய்ய எனக்கு மூன்று சாயங்காலம் ஆச்சு. லேப் சார் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றையும் தானாகச் செய்து தராமல், என்னையே செய்ய வைத்தார். அந்த மூன்று நாளில் கற்றதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலாவது, பேசுவது யார் என்று கேளுங்கள். பைத்தான் என்று வெறும் பெயரைச் சொன்னால், பாத் என்ற பட்டியலில் உள்ள இடங்களை மெஷின் வரிசையாகத் தேடி, முதலில் அகப்பட்டதைத்தான் ஓட்டும். நீங்கள் நினைத்தது வராது, வரிசையில் முன்னால் நிற்பது வரும். எனவே முதல் கட்டளையாக வெர்ஷன் எண்ணையும் அது இருக்கும் இடத்தையும் கேட்டுப் பாருங்கள். ஜாவாவுக்கும் இதே நியாயம்தான்.

இரண்டாவது, மெஷினோடு வந்ததை நீக்காதீர்கள். அதை நம்பி வேறு யார் யார் பிழைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. மெஷின் பட்டியல் காட்டினால், வரி விடாமல் படித்த பிறகே சரி என்று அழுத்துங்கள்.

மூன்றாவது, ஒவ்வொரு புராஜெக்டுக்கும் தனி அறை கட்டுங்கள். பைத்தான் 3.3-லிருந்து வென்வ் என்ற வசதி கூடவே வருகிறது. அந்த அறைக்குள் வேண்டிய லைப்ரரிகளைப் போட்டுக்கொள்ளலாம், பக்கத்து அறைக்குத் தொல்லை இல்லை. பழைய 2.7-க்கு வெர்ச்சுவல்என்வ் என்று தனியாக ஒன்று உண்டு. கெட்டுப்போனால் அந்த அறையை மட்டும் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். சிறுமி கிரேசுக்கு அவர் அம்மா கொடுத்த அந்த ஒரு கடிகாரம் இதுதான். பிரித்துப் பார், ஆனால் வீட்டுக் கடிகாரம் ஓடட்டும்.

நான்காவது, எழுதி வையுங்கள். எந்த மொழி, எந்த வெர்ஷன், எந்தெந்த லைப்ரரி எந்த எண் என்று புராஜெக்ட் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து வருஷம் கழித்து வரும் ஜூனியருக்கு நாம் விட்டுப் போகும் சொத்து அது.

ஐந்தாவது, ஒரே சோதனையை இரண்டிலும் ஓட்டுங்கள். நாங்கள் கையால் கணக்குப் போட்ட இருபது கணக்குகளைப் பழைய புரோகிராமிலும் புதியதிலும் கொடுத்தோம். பங்கு பிரிக்கும் இடத்தில் விடை மாறியது. காரணம் அந்த வகுத்தல்தான். பழையதில் அந்த ஒரு வரியைத் திருத்தியதும் இருபதும் பொருந்தின. 1960 டிசம்பரில் இரண்டு மெஷினில் செய்த பரீட்சையை, எங்கள் லேப்பில் ஒரே மெஷினில் இரண்டு வெர்ஷனுக்குச் செய்து பார்த்தோம், அவ்வளவுதான்.

முடிவாக

லீவுக்கு ஊருக்குப் போனபோது மகளிர் குழுவிடம் கணக்கைக் காட்டினேன். எங்க ஆயாவும் அந்தக் குழுவில் ஒருத்தி. விடுபட்டுப் போயிருக்கக்கூடிய அந்த அரைக் கிலோ, அவளுடைய பங்காகவே இருந்திருக்கலாம். இரண்டு பைத்தான் சண்டையை அவளுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்து, வள்ளத்தை வைத்துச் சொன்னேன். ஆயா உள்ளே போய் இரண்டு வள்ளத்தையும் எடுத்து வந்து கவிழ்த்துக் காட்டினாள். பெரியதன் அடியில் இரண்டு கீறல், சின்னதன் அடியில் ஒரு கீறல். அந்தச் சண்டைக்குப் பிறகு அவளே ஆணியால் போட்டது. கடன் கொடுக்கும்போது எந்தக் கீறல் வள்ளம் என்று சொல்லித்தான் கொடுப்பாளாம். இரண்டில் ஒன்றையும் அவள் தூக்கி எறியவில்லை. பள்ளிக்கூடமே போகாத எங்க ஆயா செய்த அந்தக் காரியத்தைத்தான் நான் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். ஒரு தப்பு செய்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம் நமக்குத்தான் அதிகம். அந்தப் பயத்தில் தப்பை மறைப்போம், மறைத்தால் வேறொரு தம்பி அழுதுகொண்டு நிற்பான். பூச்சி அகப்பட்டால் ரிஜிஸ்டரில் ஒட்டுவோம். வெர்ஷன் எண்ணைத் தைரியமாகக் கேட்போம். அந்தத் தம்பி இப்போது எங்கள் புராஜெக்ட் குழுவுக்கு லேப்பில் உதவுகிறான். அவன் முதலில் கற்றுக்கொண்ட கட்டளை, வெர்ஷன் கேட்கும் கட்டளைதான்.

வாழ்க கிரேஸ் ஹாப்பர் அம்மையார் புகழ்! வளர்க நம் மாணவர் சங்கம்!

மூன்றாமாண்டு மாணவி,
கணினிப் பொறியியல் பிரிவு,
எடப்புளி நாடு, கொல்லிமலை.